மதகுகள் காக்கும் விருந்தினர்: சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தின் வரலாறு

சிங்கப்பூரில் இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஆண்டு முழுவதும் வெயில், இடையிடையே மழை, எப்போதும் பச்சை. ஆனாலும் சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் குளிர் எட்டிப் பார்க்கிறது என்ற செய்தி இந்தத் தீவின் வடமேற்குக் கரைக்கு ஆண்டுதோறும் தவறாமல் வந்துசேர்கிறது. ஆடி மாதத்தில் ஒன்றும் இரண்டுமாக, ஆவணி, புரட்டாசியில் கூட்டம் கூட்டமாகக் கரைப்பறவைகள் வந்து இறங்குகின்றன. அவை இறங்கும் இடத்துக்குச் சுங்கை பூலோ என்று பெயர். ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி கிராஞ்சிக்கு அருகே கிடக்கும் 202 ஹெக்டர் சேறும் சதுப்புநிலக் காடும் குளங்களும் சேர்ந்த ஈரநிலக் காப்பகம் அது.

ஒரு காப்பகத்தின் வரலாற்றை எழுதும்போது, "அரசு அறிவித்தது, வேலி போட்டது, பறவைகள் வந்தன" என்று மூன்று வரியில் முடித்துவிடுவது வழக்கம். சுங்கை பூலோவின் வரலாறு அப்படி எழுத முடியாதது. பறவைகள் முதலில் வந்தன. அவற்றைக் கண்டவர்கள் பிறகு வந்தார்கள். கண்டதை எழுதி அரசின் கதவைத் தட்டினார்கள். அரசு காது கொடுத்துக் கேட்டது. அதற்குப் பின்னும் வேலை முடியவில்லை. கடல் ஏறி இறங்குவதைப் பார்த்து மதகைத் திறக்கவும் மூடவும் இன்றுவரை ஆள் நிற்கிறார்கள். இயற்கையை அதன் போக்கில் விட்டுவிட்டால் போதும் என்பவர்களுக்கு இந்த இடம் சொல்லும் பாடம் வேறு. மனிதன் மாற்றிவிட்ட நிலத்தில் இயற்கை தங்க வேண்டுமானால், மனிதன்தான் பொறுப்பேற்றுப் பராமரிக்க வேண்டும்.

இறால் குளங்களின் காலம்

ஆங்கிலேயர் 1819-இல் வந்து இறங்கியபோது இந்தத் தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடு சதுப்புநிலக் காடாக இருந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆற்று முகத்துவாரங்கள் அனைத்தும் காடுதான். துறைமுகத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் குடியிருப்புக்கும் நீர்த்தேக்கத்துக்கும் இடம் தேவைப்பட, அந்தக் காட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. மிஞ்சியவற்றில் ஒரு துண்டு சுங்கை பூலோ.

அதுவும் தொடப்படாத காடு இல்லை. இங்கே காட்டை வெட்டிக் கரை கட்டி, இறால் குளங்கள் போட்டிருந்தார்கள். அந்தத் தொழிலின் நுட்பத்தைத் தெரிந்துகொண்டால்தான் பிற்பாடு நடந்தது புரியும். குளத்துக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு மதகு. கடல் ஏறும்போது மதகுப் பலகையைத் தூக்கினால் நீரோடு இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வந்துவிடும். பலகையை இறக்கினால் அவை குளத்திலேயே தங்கி வளரும். பிறகு கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரம் பார்த்து, மதகு வாயில் வலையைக் கட்டிப் பலகையை மறுபடி தூக்குவார்கள். வெளியே பாயும் நீரோடு வளர்ந்த இறால் வலையில் வந்து விழும். விதைப்பதும் கடல், வளர்ப்பதும் கடல். மனிதர் செய்தது கதவைத் திறந்து மூடும் வேலை.

குளத்து நீர் வடிந்த பொழுதுகளில் அடிச்சேறு வெளியே தெரியும். புழுவும் சிறு நண்டும் சிப்பியும் நத்தையும் நிறைந்த சேறு அது. வெகுதூரம் பறந்து களைத்து வரும் கரைப்பறவைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இறால் பண்ணையாளர்கள் பறவைகளுக்காக எதையும் செய்யவில்லை. தங்கள் பிழைப்புக்காக அவர்கள் வைத்த ஏற்பாட்டில் பறவைகளுக்கும் பங்கு கிடைத்தது.

கண்டவர்களும் எழுதியவர்களும்

1980-களில் இந்தப் பகுதிக்கு வேறு திட்டம் இருந்தது. நவீன முறையில் காய்கறியும் மீனும் கோழியும் வளர்க்கும் வேளாண் தொழில்நுட்பப் பூங்காவுக்காக நிலம் குறித்து வைக்கப்பட்டிருந்தது. உணவுக்கு வெளிநாடுகளை நம்பியிருக்கும் நாட்டுக்கு அந்தத் திட்டமும் நியாயமானதுதான்.

1986-இல் மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் இந்தக் குளங்களுக்கு வந்தார்கள். அவர்களில் முதலில் நினைக்கப்பட வேண்டியவர் ரிச்சர்ட் ஹேல். வங்கித் துறையில் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர். ஓய்வு நேரத்தில் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர். குளத்துச் சேற்றில் அவர் கண்ட பறவைக் கூட்டம், தீவில் வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காதது. அவரோடு சங்கத்தின் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஹோ ஹுவா சியூ அவர்களில் ஒருவர். சுபராஜ் ராஜதுரை இன்னொருவர்.

சுபராஜ் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். 1963-இல் பிறந்த அவர், பிற்காலத்தில் இயற்கை வழிகாட்டியாகவே வாழ்க்கையை அமைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கானோரைக் காட்டுக்குள்ளும் கரையோரங்களிலும் அழைத்துச் சென்றார். 2019-இல் அவர் மறைந்தபோது சிங்கப்பூரின் இயற்கை உலகமே கலங்கியது. தமிழ்ப் பெயர் தாங்கிய ஒருவர் இந்தக் காப்பகத்தின் பிறப்பிலேயே பங்கு கொண்டார் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டு விழாக்களிலும் பள்ளி மேடைகளிலும் எடுத்துச் சொல்லத் தக்க வாழ்க்கை அவருடையது.

இந்தக் குழு செய்த காரியம் எளிமையானது. ஆனால் பொறுமை மிகுதியாக வேண்டியது. ஒவ்வொரு முறை போகும்போதும் எந்தப் பறவை, எத்தனை, எந்தக் குளத்தில் என்று எழுதி வைத்தார்கள். அந்தப் பதிவுகளை ஆதாரமாகக் கொண்டு, இவ்விடத்தை இயற்கைக் காப்புப் பகுதியாக்க வேண்டும் என்ற முன்மொழிவைத் தயாரித்து 1987-இல் அரசிடம் கொடுத்தார்கள். கோஷமோ கொடியோ இல்லை. வெறும் வேண்டுகோளாகவும் அது இல்லை. எந்தப் பருவத்தில் எவ்வளவு பறவை வருகிறது, ஏன் வருகிறது, குளங்களை எப்படிப் பராமரிக்கலாம் என்று விளக்கமாகச் சொன்ன ஆவணம்.

அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன். அரசு முன்மொழிவை ஏற்றது. 1989-இல் 87 ஹெக்டர் நிலம் இயற்கைப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு ஹெக்டரையும் எண்ணிப் பார்த்துச் செலவிடும் நாடு இது. இங்கே பறவைகளுக்காகத் திட்டத்தை மாற்றி நிலம் ஒதுக்கப்பட்டது சாதாரணச் செய்தி இல்லை. குடிமக்களின் அறிவும் அரசின் திறந்த மனமும் ஒரே மேசையில் சந்தித்ததற்குச் சுங்கை பூலோ இன்றும் சான்றாக இருக்கிறது. அந்தச் சிங்கப்பூர்க் கிளை 1991-இல் தனிச் சங்கமாகி, சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் என்ற பெயரில் பணியைத் தொடர்ந்து வருகிறது.

பண்ணை பூங்காவானது

அறிவித்துவிட்டால் பூங்கா ஆகிவிடாது. பழைய குளக்கரைகள் கரைந்துகொண்டிருந்தன. மக்கள் வந்து பார்க்க வழி வேண்டும். ஆனால் அந்த வழியால் பறவைகள் மிரளவும் கூடாது. பிரிட்டனின் ஈரநிலப் பறவைகள் அறக்கட்டளையும் உலக இயற்கை நிதியமும் ஆலோசனை வழங்கின. கரையோரம் மரத்தாலான மறைகுடில்கள் எழுந்தன. பார்ப்பவர் உள்ளே நின்று கிடைமட்டமாக வெட்டிய நீள் துளை வழியாகப் பார்க்கலாம். பறவைக்கு மனித உருவம் தெரியாது. சதுப்புநிலக் காட்டுக்குள் தரையைத் தொடாமல் நடக்கப் பலகைப் பாதை போட்டார்கள்.

1993 டிசம்பர் 6-ஆம் தேதி, அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் சுங்கை பூலோ இயற்கைப் பூங்காவைத் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டிலேயே 100,000-ஆவது வருகையாளர் வாசலைக் கடந்தார். இரைச்சலும் வேகமும் பழகிப்போன நகர மக்கள், சேற்றில் நிற்கும் பறவையைப் பார்க்க இவ்வளவு தூரம் வருவார்களா என்று ஐயப்பட்டவர்களுக்கு அந்த எண்ணிக்கையே பதிலாயிற்று. 1997-இல் எச்.எஸ்.பி.சி. வங்கியின் ஆதரவோடு கல்வி நிதி ஒன்று ஏற்பட்டது. பள்ளிகள் பூங்காவைத் தத்தெடுத்துக்கொண்டு மாணவர்களை அனுப்பத் தொடங்கின. பாடப்புத்தகத்தில் படமாக மட்டுமே சதுப்புநிலத்தைப் பார்த்திருந்த பிள்ளைகள், மூச்சுவேர்களுக்கு நடுவே உளுவை மீன் சேற்றில் துள்ளி ஏறுவதை நேரில் பார்த்தார்கள்.

மதகுக்குப் புதிய வேலை

இந்தக் காப்பகத்தின் இதயம் எது என்று கேட்டால், நான் மதகுகளைத்தான் காட்டுவேன். இறால் பிடிக்க வைத்த அதே ஏற்பாடு பறவைகளைக் காக்கும் ஏற்பாடாக மாறிய விதம் வியக்க வைப்பது.

சிங்கப்பூர்க் கரையில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. வற்றும்போது சற்றுத் தொலைவிலுள்ள மண்டாய் சேற்றுவெளி விரிந்து கிடக்கும். பறவைகள் அங்கே போய் மேயும். கடல் ஏறியதும் அந்தச் சேறு முழுவதும் நீரில் மூழ்கிவிடும். கரைப்பறவைகள் நீந்தி வாழ்பவை அல்ல. கால் ஊன்ற இடம் வேண்டும். பறந்துகொண்டே காத்திருந்தால், அடுத்த பயணத்துக்காகச் சேர்த்து வைக்கும் கொழுப்பு வீணாகிவிடும். அந்த நேரத்தில் அவை சுங்கை பூலோவின் குளங்களுக்கு வருகின்றன. வெளியே கடல் ஏறி நிற்கும்போதும் உள்ளே நீர் குறைவாக, சேறு வெளியே தெரியும்படி மதகுகள் வைக்கப்பட்டிருக்கும். வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டி, நேரம் பார்த்துக் கதவைத் திறந்து வைத்த நம் முன்னோரின் வழக்கம்தான் இங்கே பறவைகளுக்கு நடக்கிறது.

எல்லாக் குளங்களையும் ஒரே மட்டத்தில் வைப்பதில்லை. உப்புக்கொத்திக்கு ஈரச்சேறு போதும். கால் நீண்ட பச்சைக்காலிக்குச் சிறிது நீர் நின்றால் நல்லது. கொக்குக்கும் நாரைக்கும் மீன் ஓடும் ஆழம் வேண்டும். ஆகவே ஒரு குளத்தை வடித்து இன்னொன்றில் நீரைத் தேக்குவார்கள். சேற்றில் களையும் செடியும் மண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் கண்டல் நாற்றுகள் முளைத்துக் குளத்தை மூடிவிடும். அதுவும் காடுதான், ஆனால் திறந்த சேறு தேடி வரும் பறவைக்கு அங்கே இடம் இருக்காது. யார் கண்ணிலும் படாத இந்த உழைப்பு ஆண்டு முழுவதும் நடக்கிறது. கடலின் நேரத்துக்கு ஏற்ப வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளும் பணியாளர்களுக்கு இங்கே ஒரு வணக்கம்.

பருவத்தின் வரிசை

வலசை வருவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் வருபவை வளர்ந்த பறவைகள். வடக்கே கூடு கட்டி, குஞ்சு பொரித்து, வேலை முடிந்ததும் கிளம்பிவிடும். ஆகஸ்டில் இறங்கும் பொன்னிற உப்புக்கொத்தியின் மார்பில் இனப்பெருக்கக் காலக் கறுப்பு இன்னும் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். நாள் செல்லச் செல்ல அது உதிர்ந்து, மண்ணோடு மண்ணாகத் தெரியும் பழுப்புப் பொன் நிறம் ஏறும்.

இளம் பறவைகள் பின்னால் வருகின்றன. பல இனங்களில் தாயும் தந்தையும் முன்பே புறப்பட்டுவிட்டதால், அந்த ஆண்டு பிறந்த குஞ்சு வழி காட்ட யாருமின்றி, பார்த்தே இராத நாட்டை நோக்கித் தானாகப் பறந்து வருகிறது. சைபீரியத் துந்திரத்தில் ஜூன், ஜூலையில் முட்டையிலிருந்து வெளிவந்த ஓர் உயிர், ஐப்பசியில் கிராஞ்சிச் சேற்றில் நின்று புழு பொறுக்குவதைப் பார்க்கும்போது கைகூப்பத் தோன்றுகிறது.

வருகையாளர் பட்டியல் நீளமானது. சிவந்த கால்களால் எளிதில் அடையாளம் தெரியும் பவளக்காலி, பச்சைக்காலி, மங்கோலிய உப்புக்கொத்தி, மெல்லிய ஊசி போன்ற அலகுடைய சதுப்பு உள்ளான், அலகு கீழ்நோக்கி வளைந்த வளைமூக்கு உள்ளான், இவர்கள் எல்லாரையும்விட உயரமாக நிற்கும் சின்னக் கோட்டான். ஒரே சேற்றில் இத்தனை இனமும் சண்டையின்றி மேய்வதற்கு அலகின் அமைப்பே காரணம். உப்புக்கொத்திக்குக் குட்டை அலகும் பெரிய கண்ணும். மேற்பரப்பில் அசைவதைக் கண்டு ஓடிப்போய்க் கொத்தும். பவளக்காலியின் அலகு சேற்றில் நடுத்தர ஆழம் வரை போகும். கோட்டான் வளைந்த நீள் அலகை நண்டு வளைக்குள் செலுத்தி, நண்டை வெளியே இழுத்துக் காலை உதறிவிட்டு விழுங்கும். மேல் அடுக்கு ஒருவருக்கு, அடி அடுக்கு இன்னொருவருக்கு என்று சேறு பங்கிடப்பட்டிருக்கிறது.

கரைப்பறவைகளோடு மற்றவர்களும் வருகிறார்கள். அக்டோபரிலும் நவம்பரிலும் தேன்பருந்தும் சிறு வல்லூறுகளும் வெப்பக்காற்றில் வட்டமிட்டபடி வடக்கிலிருந்து தீவைக் கடந்து போகும். நீலவால் பஞ்சுருட்டான் கம்பிகளிலும் காய்ந்த கிளைகளிலும் உட்கார்ந்து தும்பியைப் பிடிக்கும். பழுப்புக் கீச்சான் புல்வெளி ஓரத்தில் தன் எல்லையை வகுத்துக்கொண்டு கத்தும். மார்ச் வரை இந்தப் பருவம் நீடிக்கும். அதன்பின் மறுபடி வடக்கு நோக்கிய பயணம்.

காலில் ஒரு வளையம்

பறவை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஊகம் செய்துகொண்டிருந்தால் காப்பாற்ற முடியாது. 1990 வாக்கிலேயே இங்கு வளையமிடும் பணி தொடங்கிவிட்டது. இருட்டில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலை குளக்கரையில் கட்டப்படும். சிக்கிய பறவையைக் கால், இறக்கை, தலை என்று ஒவ்வொன்றாக விடுவித்துத் துணிப்பையில் போட்டு எடுத்து வருவார்கள். பிடிக்கும் விதமே ஒரு கலை: சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்து மெதுவாக அடங்கியிருக்கும், உடல் உள்ளங்கையில் சாய்ந்திருக்கும், இறுக்கமும் இருக்காது, நழுவவும் நழுவாது. எண் பொறித்த உலோக வளையத்தைக் காலில் பூட்டி, அது தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்ப்பார்கள். இறக்கையை அளவுகோலில் வைத்து நீளம் எடுப்பார்கள். அலகை அளப்பார்கள். எடை போடுவார்கள். பறக்கும் இறகுகளில் எது பழையது, எது புதிதாக முளைக்கிறது என்று விரித்துப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். நாட்டுக்கு நாடு வேறுபடும் நிறக்கொடியும் காலில் ஏறும். வேறொரு கரையில் நிற்பவர் தொலைநோக்கியிலேயே அது எந்த ஊர்ப் பறவை என்று சொல்லிவிடலாம். எல்லாம் முடிந்து கையைத் திறந்ததும் பறவை குளத்தைப் பார்த்துப் பாய்ந்து போய்விடும்.

ஆண்டுகள் கழித்து அதே வளையத்தோடு அதே குளத்துக்கு வந்த பறவைகள் உண்டு. பூமியின் மறுபக்கம் போய்வந்தும் தன் குளத்தை மறக்காத நினைவு அது.

பிற்பாடு செயற்கைக்கோள் கருவிகள் வந்தன. சிங்கப்பூரில் குளிர்காலத்தைக் கழிக்கும் கரைப்பறவைகள் எல்லாமே சீனக் கடற்கரையை ஒட்டித்தான் வடக்கே போகின்றன என்று எண்ணியிருந்தார்கள். கருவி பொருத்திய பவளக்காலிகள் இமயமலையைத் தாண்டித் திபெத்தியப் பீடபூமிக்குப் பறந்தது தெரியவந்தது. கைக்குள் அடங்கும் ஒரு பறவை உலகின் உயர்ந்த மலைத்தொடரைக் கடந்து போகிறது! சுங்கை பூலோ இரண்டு வலசைப் பாதைகள் சந்திக்கும் இடம் என்பது இதனால் உறுதிப்பட்டது. கிழக்கு ஆசிய ஆஸ்திரலேசியப் பாதை ஒன்று. நம் கோடியக்கரைக்கும் மன்னார்த் தீவுக்கும் பறவைகளைக் கொண்டுவரும் மத்திய ஆசியப் பாதை மற்றொன்று.

ஆண்டு முழுவதும் இருப்பவர்கள்

விருந்தினரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் வீட்டுக்காரர்களுக்குப் பொறுக்காது. பெரிய பாலத்தில் நின்று ஓடையைப் பார்த்தால், வற்றும் நேரத்தில் சேற்றுக்கரையில் முதலை படுத்திருப்பதைக் காணலாம். உப்புநீர் முதலைகள் இங்கே சுதந்திரமாக வாழ்கின்றன. பாதையை விட்டு இறங்காதீர்கள் என்ற அறிவிப்புப் பலகைகளுக்கு மதிப்பளிக்க வேண்டும். உடும்பு பாதையின் குறுக்கே நிதானமாக நடந்து போகும். நீரோட்டத்துக்கு எதிரே மிதக்கும் வில்லன் மீன் வாயிலிருந்து நீரைப் பீய்ச்சி, இலை மேலிருக்கும் பூச்சியை வீழ்த்தும். இரவில் சேற்று இறால் மண்ணைத் தோண்டித் தள்ளி எழுப்பும் மேடுகள் இடுப்பளவுக்குக்கூட வளரும். அந்த மேடுகளில் வேறு பல உயிர்கள் குடியேறும்.

நீர்நாயின் கதையைத் தனியே சொல்ல வேண்டும். ஆறுகள் மாசுபட்ட காலத்தில் நீர்நாய்கள் சிங்கப்பூரை விட்டு மறைந்து போயிருந்தன. 1998-இல் ஒரு சோடி நீர்நாய் சுங்கை பூலோவில் வந்து தங்கிக் குட்டி போட்டது. இன்று நகரின் நடுவே மரினா பேயிலும் கல்லாங் ஆற்றிலும் நீர்நாய்க் குடும்பங்கள் ஓடியாடுவதைப் பார்த்து மகிழ்கிறோம். அந்த மீள்வருகையின் தொடக்க காலத்தில் அவற்றுக்குத் தங்க இடம் கொடுத்த கரைகளில் இது முக்கியமானது.

விரிந்த எல்லை

2001 நவம்பரில் சுங்கை பூலோவுக்குச் சட்டப் பாதுகாப்பு தரப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 2002 ஜனவரி 1 முதல் 130 ஹெக்டர் பரப்போடு அது சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம் என அரசிதழில் இடம்பெற்றது. பூங்கா என்பது நிர்வாக முடிவால் அமைவது. காப்பகம் என்பது சட்டத்தால் காக்கப்படுவது. அதே ஆண்டு கிழக்கு ஆசிய ஆஸ்திரலேசியக் கரைப்பறவைத் தள வலையமைப்பில் இடம் கிடைத்தது. 2003-இல் ஆசியான் மரபுப் பூங்கா என்ற சிறப்பும் சேர்ந்தது. 2014 டிசம்பர் 6 அன்று கிராஞ்சிப் பக்கம் விரிவாக்கப் பகுதி திறக்கப்பட்டு, மொத்தப் பரப்பு 202 ஹெக்டரானது.

அடுத்து வந்த முடிவுகள் இன்னும் முக்கியமானவை. பறவை மேய்வது ஓரிடத்தில், ஓய்வது வேறிடத்தில் என்று வளையமும் கருவியும் காட்டியபின், ஓய்விடத்தை மட்டும் காத்துப் பயனில்லை என்பது தெளிவாயிற்று. மண்டாய் சதுப்புநிலமும் சேற்றுவெளியும் இயற்கைப் பூங்காவாக்கப்படும் என்று 2018-இல் அறிவித்தார்கள். 2020-இல் மண்டாய், கிராஞ்சிச் சதுப்பு, லிம் சூ காங் ஆகியவற்றையும் சேர்த்து 400 ஹெக்டர் பரப்பில் சுங்கை பூலோ இயற்கைப் பூங்கா வலையமைப்பு அறிவிக்கப்பட்டது. அறிவியல் சொன்னதைக் கேட்டு எல்லைக்கோட்டை மாற்றிய அந்த முடிவுக்காகத் தேசியப் பூங்காக் கழகத்தை மனமாரப் பாராட்ட வேண்டும்.

நம் கையில் இல்லாத கரைகள்

பெருமையோடு கவலையையும் சொல்லியாக வேண்டும். கிழக்கு ஆசிய ஆஸ்திரலேசியப் பாதை அலாஸ்காவிலும் ரஷ்ய ஆர்க்டிக்கிலும் தொடங்கி நியூசிலாந்து வரை 22 நாடுகளைத் தொட்டுச் செல்கிறது. ஏறத்தாழ 5 கோடி நீர்ப்பறவைகள் அதில் பயணம் செய்கின்றன. 2022-இல் ஓர் இளம் பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்தது இந்தப் பாதையில்தான். ஆனால் எல்லாப் பறவையாலும் அப்படிப் பறக்க முடியாது. பெரும்பாலானவை இடையில் இறங்கித் தின்று, உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டுதான் மேலே போகும்.

அப்படி இறங்கும் இடங்களில் தலையாயது சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவே உள்ள மஞ்சள் கடல். கடந்த அரை நூற்றாண்டில் அதன் சேற்றுவெளிகளில் பாதிக்கு மேல் நிலமாக்கப்பட்டுவிட்டன. அங்கே பசியோடு கிளம்பிய பறவை இங்கே வந்து சேராது. நாம் எத்தனை மதகைத் திறந்து வைத்தாலும் வராது. வளைமூக்கு உள்ளானின் எண்ணிக்கை உலகளவில் சரிந்திருப்பதற்கு இதுவே பெரிய காரணம். நம்பிக்கை தரும் செய்தியும் இல்லாமலில்லை: சீனாவின் மஞ்சள் கடல் கரைப்பகுதிகள் 2019-இலும், கொரியாவின் சேற்றுவெளிகள் 2021-இலும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன.

உள்ளூரிலும் கவனம் வேண்டும். கடல் மட்டம் உயர்ந்தால், பின்னால் நகர இடமில்லாத சதுப்புநிலக் காடு முதலில் பாதிக்கப்படும். நீரிணையின் எதிர்க்கரையில் கட்டடங்கள் உயர்ந்துகொண்டே போகின்றன. ஓடையில் மிதந்து வரும் பிளாஸ்டிக்கை மூச்சுவேர்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தொண்டூழியர்கள் அதை இழுத்து இழுத்து எடுக்கிறார்கள். அடுத்த ஏற்றத்தில் புதிதாக வந்து சேருகிறது.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள்

இதைப் படிப்பவர்கள் வலசைப் பருவத்தில் ஒருமுறை குடும்பத்தோடு போய் வாருங்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். கடல் ஏறும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, முழு ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாக மறைகுடிலில் இருந்தால், மண்டாயிலிருந்து பறவைகள் கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள், பளிச்சென்ற உடை வேண்டாம், படத்துக்காகப் பறவையை எழுப்பிவிடாதீர்கள். நாம் ஒருமுறை எழுப்பும்போது, அது ஆயிரம் கிலோமீட்டருக்காகச் சேர்த்த பலத்தில் கொஞ்சம் கரைகிறது.

பிடித்துப்போனால் தொண்டூழியராகப் பெயர் கொடுங்கள். வழிகாட்டி நடைக்கும், பறவைக் கணக்கெடுப்புக்கும், குப்பை அகற்றவும் ஆள் எப்போதும் தேவை. பிள்ளைகள் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, கண்டதைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள்: நாள், நேரம், பறவை, எண்ணிக்கை. 1986-இல் சில ஆர்வலர்கள் செய்ததும் இதையேதான். அவர்கள் எழுதி வைத்த குறிப்புகள்தான் ஒரு நிலத்தின் விதியை மாற்றின. அவர்களிடமிருந்து நமக்கு வந்த இந்தக் கடமையை அடுத்த தலைமுறையிடம் ஒழுங்காக ஒப்படைப்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி.